மலையேறும் இயன்முறை மருத்துவருக்கு யார் சான்று?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவரின் வீட்டுக்கு இன்று அரசே பிசியோதெரபிஸ்டை அனுப்புகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வந்தது. வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர், வலிநிவாரணத்துக்கும் படுக்கைப் புண் பராமரிப்புக்கும் ஒரு செவிலியர், இருவரும் போய்வர ஒரு வண்டி என்பது ஏற்பாடு. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டாரத்துக்கும் இதே கணக்குதான். இன்னாடு, சேராப்பட்டு, கிளாக்காடு, தொரடிப்பட்டு என்று சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கும் அந்த ஒருவரே போக வேண்டும்.

வீட்டுக்கு வருகிறவர் முறையாகப் படித்தவரா, தொழில் செய்ய உரிமை பெற்றவரா என்பதை யார் சொல்வது? ஒரு மாநிலத்தில் படித்துப் பதிவு பெற்றவர் இன்னொரு மாநிலத்துக்குப் போனால் அந்த உரிமை கூடவே போகுமா, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? நகரத்தில் இவை தொழில்காரர்களின் கவலை. மலையில் இவை நோயாளியின் கவலை. கள்ளக்குறிச்சி நகரில் ஒரு கிளினிக் சரியில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். மலையில் வண்டி ஏறி வருகிற ஒருவரை விட்டால் வேறு ஆள் இல்லை.

இந்த வேலை என்ன என்பதை முதலில் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பக்கவாதம் வந்தவரை எழுப்பி உட்காரவைக்க, விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும் நேரத்தில் அப்படி இழுத்தால் மூட்டு குழியை விட்டுக் கீழே இறங்கிவிடும். அதன்பின் வரும் வலியால் நோயாளி அந்தக் கையை யாரையும் தொடவே விடமாட்டார். பயிற்சி அத்தோடு நின்றுபோகும். நல்ல இயன்முறை மருத்துவர் முதல் நாளிலேயே மருமகளையோ மகனையோ பக்கத்தில் உட்காரவைத்து, ஒருக்களித்துப் படுக்கவைப்பது, நல்ல கையின் முழங்கையை ஊன்றி எழவைப்பது, விழுந்த கையை எப்போதும் தலையணை மேல் தாங்கலாக வைப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டுவார். மருத்துவக் கல்லூரியில் இது உயரமான கட்டிலில் கற்றுத்தரப்படுகிறது. மலை வீட்டில் கட்டில் இல்லை, பாய்தான். பாயிலிருந்து எழுந்து நிற்பது கட்டிலிலிருந்து எழுவதைவிடப் பல மடங்கு கடினம். வாசலைத் தாண்டினால் சரிவு. கழிப்பறை இருந்தால் குந்தி உட்காரும் வகை. கணுக்கால் விறைத்துப்போனால் இந்த மூன்றும் முடியாது. அதனால் கணுக்கால் விறைக்காமல் பார்த்துக்கொள்வது இங்கே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது.

பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் அசைவு அதிகமாகத் திரும்பி வருவது முதல் மூன்று மாதங்களில்தான். பிறகும் முன்னேற்றம் உண்டு, வேகம் குறையும். உரிமம், பதிவு, பணி நியமனம் என்று ஒரு கோப்பு மூன்று மாதம் மேசையில் கிடந்தால், அந்த மூன்று மாதத்தில் மலையில் படுத்தவருக்கு அந்தக் காலம் திரும்பக் கிடைக்காது. பதிவு முறையைப் பற்றி நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கணக்குதான் அடிப்படை.

இந்தியாவில் இந்தத் தொழில் வளர்ந்தது போலியோவோடும் தொழுநோயோடும் போராடியபோது. 1953-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு இயன்முறை சிகிச்சைப் பள்ளி தொடங்கியது. தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு இதில் தனி இடம் உண்டு. பால் பிராண்ட் அங்கே தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையில் நிமிர்த்தினார். நிமிர்த்திய விரல் வேலை செய்யப் பழக்கும் பொறுப்பு சிகிச்சையாளரிடம் வந்தது. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சைகள் செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கென்று ஒரு துறையையே கட்டியெழுப்பினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் இந்த வரலாற்றில் வருகிறது.

கல்வி வளர்ந்த வேகத்தில் சட்டம் வளரவில்லை. 1955-ல் இந்திய இயன்முறை சிகிச்சையாளர் சங்கம் அமைந்தது. அது சங்கம்தான், உறுப்பினர் எண் தரலாம், தொழில் செய்யாதே என்று யாரையும் தடுக்க அதற்கு அதிகாரம் இல்லை. 1992-ன் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் காது கேட்புத் துறையினர், சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் எனப் பலரைப் பதிவு முறைக்குள் கொண்டுவந்தது. இயன்முறை மருத்துவம் அதற்கு வெளியே நின்றது. பொறுத்துப் பார்த்த சில மாநிலங்கள் தாங்களே சட்டம் இயற்றின. டெல்லி 1997-லும், மகாராஷ்டிரா 2002-லும், குஜராத் 2011-லும் சட்டம் கண்டன. மத்திய அளவில் 2007-ல் ஒரு மசோதா மக்களவைக்கு வந்து காலாவதியானது. 2018 கடைசியில் இன்னொன்று வந்தது. இத்தனைக்கும் பிறகு 2021 மார்ச்சில்தான் தேசிய துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பம்பாயில் பள்ளி தொடங்கியதிலிருந்து எண்ணினால் 68 ஆண்டுகள்.

இந்த இடைக்காலத்தில் நேர்ந்த குழப்பத்துக்கு வடிவம் உண்டு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நாலரை ஆண்டு இளநிலைப் பட்டம் முடித்தவர் இங்கே பட்டச் சான்றிதழை வைத்தே வேலை பார்த்தார். அவரே டெல்லிக்குப் போனால் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிய வேண்டும். மும்பைக்குப் போனால் அங்கே தனியாகப் பதிய வேண்டும். கவுன்சில் இல்லாத மாநிலத்துக்குப் போனால் எதுவும் வேண்டாம். ஒரே பட்டம், ஒரே கை, ஒரே அறிவு. மாநில எல்லையைத் தாண்டும்போது அதன் மதிப்பு மாறியது. இதன் மறுபக்கம் இன்னும் மோசம். கவுன்சில் இல்லாத ஊரில் ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு முடித்தவரும், மசாஜ் கற்றவரும் பிசியோதெரபி பலகை மாட்டலாம். தடுக்க ஆளில்லை.

வெளிநாடு போக நினைத்தவர்கள் இந்தக் குறையை வேறு விதத்தில் உணர்ந்தார்கள். உங்கள் ஊரில் உங்களைப் பதிவு செய்த அமைப்பு எது, அதனிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி வாருங்கள் என்று அயல்நாட்டுப் பதிவு அமைப்புகள் கேட்கும்போது, பல்கலைக்கழகத்தைக் காட்டுவதா சங்கத்தைக் காட்டுவதா என்று திண்டாடியவர்கள் ஏராளம்.

2021-ன் சட்டம் என்ன செய்கிறது? ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களைப் பத்து வகையாகப் பிரித்து ஒரே குடையின் கீழ் கொண்டுவருகிறது. மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள், 3600 மணி நேரத்துக்குக் குறையாமல் படித்துப் பட்டம் பெற்றவரை நலவாழ்வுத் தொழிலர் என்கிறது. இயன்முறை மருத்துவர் இந்த வகையில் வருகிறார். 2000 மணி நேரப் படிப்பு முடித்தவர்கள் துணைநிலைத் தொழிலர். ஒவ்வொரு மாநிலமும் ஒரு கவுன்சில் அமைத்து மாநிலப் பதிவேடு வைக்க வேண்டும். தேசிய அளவில் மத்தியப் பதிவேடு இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் மாநிலக் கவுன்சில்கள் அமைய வேண்டும் என்று சட்டம் சொன்னது. பல மாநிலங்கள் அமைக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அக்டோபர் 12-க்குள் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. 2025-ல் ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்டம் இளநிலைப் படிப்பை, உள்ளுறைப் பயிற்சி உட்பட, ஐந்தாண்டாக்குகிறது.

பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா என்ற சண்டையும் அதே ஆண்டில் வந்தது. போடக்கூடாது என்று 2025 செப்டம்பர் 9-ல் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் கடிதம் எழுதியது, மறுநாளே திரும்பப் பெற்றது. செய்தித்தாள்கள் இதற்குக் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பதிவேட்டுக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

மாநில எல்லையை ஓர் உரிமம் எப்படித் தாண்டலாம் என்பதற்கு உலகில் பல விடைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் விடை நீண்டது. அங்கே உரிமம் தருவது ஒவ்வொரு மாநிலத்தின் வேலை. ஆனால் தேர்வு நாடு முழுக்க ஒன்றே. 200 முதல் 800 வரையான அளவில் 600 எடுத்தால் தேர்ச்சி. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் அதற்கும் முன்னால் தன் பட்டத்தை அங்குள்ள படிப்போடு ஒப்பிட்டு மதிப்பிடும் அமைப்பிடம் பல்கலைக்கழகப் பாட விவரம் முழுவதையும் அனுப்ப வேண்டும். குறைகிற பாடங்களைப் படிக்கச் சொல்வதும் உண்டு. ஆங்கிலத் தேர்வு தனி. பல மாநிலங்களில் அந்த மாநிலச் சட்டங்களைப் பற்றிய தேர்வு இன்னொன்று. பதின்மூன்று வார ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் பயண சிகிச்சையாளர்கள் அங்கே ஒரு தனி வகுப்பு. ஒவ்வொரு புது மாநிலத்துக்கும் முழு உரிமம் வாங்கவே ஒப்பந்த காலம் கரைந்துவிடும் என்பதால், மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 2018-லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. உறுப்பு மாநிலம் ஒன்றில் வசித்து, அங்கே குறையில்லாத உரிமம் வைத்திருப்பவர், கட்டணம் கட்டி, தேவைப்பட்டால் சட்டத் தேர்வும் எழுதி, மற்ற உறுப்பு மாநிலத்தில் வேலை பார்க்கும் அனுமதியைச் சீக்கிரமே வாங்கிவிடலாம். இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதில் இருக்கின்றன.

ஆஸ்திரேலியா இன்னும் துணிச்சலாக வேலை செய்தது. அங்கேயும் முன்பு மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பதிவுதான். 2010-ல் அதை எடுத்துவிட்டு நாடு முழுவதற்கும் ஒரே பதிவு என்று ஆக்கினார்கள். சிட்னியில் பதிந்தவர் பெர்த்துக்குப் போக ஒரு தாளும் நிரப்ப வேண்டியதில்லை. அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பெயரைப் போட்டுப் பார்க்கலாம். நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தால் அதுவும் தெரியும்.

நம் நாட்டுக்குள்ளேயே இரண்டு முன்மாதிரிகள் உண்டு. ஒரு மாநில பார் கவுன்சிலில் பதிந்த வழக்கறிஞர் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடலாம். செவிலியருக்கு அப்படி இல்லை. கேரளத்தில் பதிந்த செவிலியர் தமிழ்நாட்டில் வேலைக்கு வந்தால் அங்கிருந்து தடையில்லாச் சான்று, சரிபார்ப்பு, இங்கே மறுபதிவு என்று அலைய வேண்டும். பதிவு மாற்றத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்த செவிலியர்களைத் தெரியாத மருத்துவமனை இருக்காது. இயன்முறை மருத்துவருக்கான விதிகள் உருவாகிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் வழக்கறிஞர் வழியைப் பிடிக்க வேண்டும், செவிலியர் வழியைப் பிடித்துவிடக் கூடாது. சட்டத்திலேயே மத்தியப் பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் வந்தவருக்கு எந்த மாநிலமும் மறுபதிவு கேட்கக் கூடாது. புதிதாக எங்கே வேலை பார்க்கிறார் என்ற தகவலை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும். புகார் வந்தால் விசாரிக்க அந்தத் தகவல் வேண்டும், அதற்கு மேல் வேண்டியதில்லை.

மாநிலத்துக்கு மாநிலம் தேவை வேறு, கட்டுப்பாடு மாநிலத்தின் கையில் இருக்க வேண்டும் என்று சொல்வோரும் உண்டு. மாநில உரிமையில் அக்கறை உள்ள தமிழ்நாட்டில் இந்த வாதத்துக்கு எடை அதிகம், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மாணவர் சேர்க்கை, கல்லூரி அங்கீகாரம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை மாநிலத்திடம் இருப்பதுதான் நல்லது. ஆனால் முழங்கால் எலும்பு கள்ளக்குறிச்சியில் ஒரு விதமாகவும் கோலாரில் ஒரு விதமாகவும் இருப்பதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் உண்மையில் வேறுபடுவது மொழி. அதற்குத் தமிழ்நாடு ஏற்கெனவே வழி செய்திருக்கிறது. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்றத் தாள்களைத் திருத்துவது என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வுகளுக்கும் அது பொருந்தும். இந்தக் கட்டுப்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினரின் பேச்சு தமிழ். ‘மரத்துப்போகுது’, ‘குடையுது’, ‘சுண்டி இழுக்குது’, ‘விண்ணு விண்ணுன்னு தெறிக்குது’ என்று நான்கு வலியை நான்கு விதமாகச் சொல்லும் பாட்டியிடம், எது நரம்பு எது தசை என்று பிரித்தறிய மொழி தெரிந்தவரால்தான் முடியும்.

இந்த மலையிலிருந்து ஆண்களும் பெண்களும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் மிளகு, காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். சாமையும் மரவள்ளியும் வீட்டுக்குப் போதாத மாதங்களில் வேறு வழியில்லை. மரத்திலிருந்து விழுந்தாலோ பாரம் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டாலோ முதல் சிகிச்சை அந்த மாநிலத்தில் நடக்கிறது. பிறகு மருத்துவமனைச் சீட்டோடு ஊர் திரும்புகிறார்கள். இடுப்பிலோ முதுகுத்தண்டிலோ அடிபட்டவருக்கு அங்கே என்ன பயிற்சி தந்தார்கள், எதைச் செய்யக்கூடாது என்றார்கள் என்பது பெரும்பாலும் இங்கே வந்து சேர்வதில்லை. நோயாளி மாநில எல்லையைத் தாண்டிக்கொண்டே இருக்கிறார். சிகிச்சையும் அவரோடு தாண்ட வேண்டும். ஒரே பதிவேடு இருந்தால், அந்த ஊர் சிகிச்சையாளர் யார் என்று பதிவு எண்ணை வைத்துத் தேடி, வெள்ளிமலையில் இருப்பவர் போனில் நான்கு வார்த்தை பேசிவிடலாம்.

பதிவு மட்டும் சரியானால் மலைக்கு ஆள் வந்துவிடுவாரா? வரமாட்டார். ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த இந்த மலை 1976-ல்தான் அரசு நிர்வாகத்துக்குள் முழுமையாக வந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் சாலை, பள்ளி, மருத்துவ வசதியைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது. இத்தனை தாமதம் படிந்த மலைக்கு ஒப்பந்தச் சம்பளத்தில், தங்க வீடில்லாமல் ஓர் இளம் பட்டதாரியை அனுப்பினால், அடுத்த நல்ல வேலை கிடைத்ததும் அவர் இறங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மலையில் இயன்முறை மருத்துவத்துக்கு இன்னும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்கள் வழியாக இயன்முறை மருத்துவர்கள் வேலை பார்க்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத குழந்தையின் வீட்டுக்கும் போகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் ‘விழுதுகள்’ மையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. மூன்று துறை, மூன்று பட்டியல், ஒரே குடும்பம். பாட்டிக்குப் பக்கவாதம், பேரனுக்கு மூளை முடக்குவாதம் என்றால் இரண்டு பேர் இரண்டு நாளில் அதே சரிவில் ஏறி வருகிறார்கள். இவர்கள் எல்லாரையும் ஒரே பதிவேட்டில் வைத்தால், யார் எந்த ஊருக்குப் போகிறார் என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஒரே பார்வையில் பார்த்துப் பங்கிடலாம். இப்படி ஒரு பயன் பதிவேட்டுக்கு உண்டு என்பதை யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

இன்னொரு மாநிலத்திலிருந்து இங்கே வர நினைக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கு நடைமுறை யோசனை ஒன்று. பட்டம், மதிப்பெண் பட்டியல்கள், உள்ளுறைப் பயிற்சி முடித்த சான்று, பாட விவரம் ஆகியவற்றைப் பல்கலைக்கழக முத்திரையோடு இப்போதே வாங்கி வையுங்கள். ஏற்கெனவே மாநிலக் கவுன்சிலில் பதிந்திருந்தால், வேலையை விடுவதற்கு முன்பே நன்னடத்தைச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அரசு வேலை என்றால் தமிழ்த்தாளுக்குத் தயாராகுங்கள்.

அரசுக்கு மூன்று வேண்டுகோள். முழுத் தாள்களோடு வரும் விண்ணப்பத்துக்கு முப்பது நாளில் பதிவு எண் தர வேண்டும், தராவிட்டால் தற்காலிக எண்ணாவது தானாக வழங்கப்பட வேண்டும். மலை வட்டாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கை மாற்றி, தூரத்தையும் சரிவையும் கணக்கில் எடுத்து இரண்டு பேராவது நியமிக்க வேண்டும், அவர்களுக்கு வெள்ளிமலையில் குடியிருப்பும் நிரந்தரப் பணியும் தர வேண்டும். பதிவேட்டைத் தமிழில், கைபேசியில் யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

வாசகரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ இயன்முறை சிகிச்சைக்கு யார் வந்தாலும், எங்கே படித்தீர்கள், பதிவு எண் என்ன என்று தயங்காமல் கேளுங்கள். முறையாகப் படித்தவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.